தொட்டுக் கும்பிட்ட இடம்

கொழிஞ்சாம்பாறை,
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாரி எழுதுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? அத்தானின் இருமல் எப்படி? நர்மதா புத்தகத்தைப் பார்க்கிறாளா, போனையே பார்க்கிறாளா?

நீ கேட்டபடி கடிதமே எழுதுகிறேன். "போன்ல பேசுனா பாதியிலயே 'சரி, வை'ங்க. கடுதாசின்னா முழுசா வாசிச்சித்தானல ஆகணும்" என்று பஸ் ஏற்றிவிடும்போது சொன்னாய். நியாயம்தான். உங்கள் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் டவர் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கொண்டை ஊசி வளைவு. அங்கே நின்று வீட்டு விஷயம் பேசினால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும். என் அறைக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் மூசா பாய்க்குத்தான் தாங்கவில்லை. "ஏனுங்க தம்பி, கம்பெனில வீடியோ புடிச்சுப் பாடஞ் சொல்லித் தர்றவரு, நீங்க போயி ஸ்டாம்பு ஒட்டறீங்களாக்கு?" என்று கேட்டார்.

படம் முடிந்தது. உங்கள் பாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கருக்கு அனுப்பிவிட்டேன். கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனி ஒடியாக்காரர்களுக்கு நான் எடுத்த மாதிரியேதான் இதுவும். பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. கை செய்வதைப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, உங்கள் யாருக்கும் அவர்கள் பாஷை தெரியாது. அத்தான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இனி யாரும் கத்த வேண்டாம். படத்தைப் பார்த்து அப்படியே செய்தால் போதும்.

அத்தானிடம் ஒன்று சொல். நடிக்கச் சொன்னால் ஒழுங்காக நடிக்க வேண்டும். கேமராவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்! சிரித்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டேன். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் மெஷின் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாரே, அதை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் கை ஒரேயடியாகச் சுவிட்சுக்குக் குதிக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது. போகட்டும், கண் இமைக்கிற நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

மாத்திரையை மறக்காதே.

உன் தம்பி,
மாரீஸ்வரன்

~

மேல் டிவிஷன்,
30 ஜூன் 2024

அன்புள்ள தம்பி மாரிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முழங்கால் பரவாயில்லை, வலி இப்போது மற்ற காலுக்கு மாறியிருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடைச் சாப்பாடு அல்சரில் கொண்டுபோய் விடும்.

நீ எடுத்த படத்தைக் கேன்டீன் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். உன் அத்தான் முகம் வந்ததும் ஒரே விசில். மறுநாளிலிருந்து லயத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் "ஏ, ஹீரோ போறாரு டோய்" என்று கத்துகிறதுகள். அவரும் தலை சீவாமல் வேலைக்குப் போவதில்லை.

விளையாட்டில்லை தம்பி, வேலையை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். இலையைப் பரப்புவது, கிள்ளிப் பார்ப்பது, மெஷினுக்குப் போடுவது எல்லாம் அத்தான் செய்கிற மாதிரியே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷிப்டுக்கு வந்ததும் ஒவ்வொருவராக மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஆம்பளை, பொம்பளை எல்லோரும்! பக்கத்து அறையில் பூல்மணி என்று ஒரு பெண் இருக்கிறாள், நர்மதாவை விடக் கொஞ்சம் பெரியவள். எங்களுக்கு அவள் பூமணி. வேதக்காரப் பெண், கழுத்தில் சிலுவை போட்டிருப்பாள். அவளும் கண்ணை இறுக மூடி, தொட்டு ஒற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா ஆனந்தி, கும்புடச் சொல்லி நான் ஒரு வார்த்த சொல்லல. அதுகளாக் கத்துக்கிடுச்சுக" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

பூமணி சாயங்காலம் வந்து என்னோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். "அக்கா, சாப்ட்டியா" என்பதுதான் அவள் கற்ற முதல் தமிழ். காலையில், மதியத்தில், பைப்படியில், எங்கே பார்த்தாலும் அதையேதான் கேட்பாள்.

நர்மதாவுக்குத் தேனியில் நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. அவள் படித்து முடிக்கிற சமயத்தில்தான் அத்தானுக்கு ரிட்டையர்மென்ட். அதுவரை இந்த வீடும் இருக்கும், அப்புறம் கிராஜுவிட்டி வரும். எப்படியோ கரை சேர்ந்துவிடுவோம்.

உன் அன்பு அக்கா,
ஆனந்தி

~

கொழிஞ்சாம்பாறை,
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், அல்சர் இன்னும் வரவில்லை. நர்மதாவுக்கு என் வாழ்த்து. அத்தானுக்கு வாழ்த்துக் கிடையாது, திட்டுத்தான்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கம்பெனியில் முதல் படம் எடுத்தபோது கருப்புசாமி அண்ணனை நடிக்க வைத்தேன். அவர் பிரஸ் மெஷின் பெடலை மிதிக்கும் முன் பேண்டை ஒரு இழுப்பு இழுத்து மேலே ஏற்றுவார். தொப்பை, பேண்ட் நிற்காது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒடியாப் பையன்கள் அத்தனை பேரும் பேண்டை இழுத்துவிட்டுத்தான் பெடலை மிதிக்கிறார்கள். "தம்பி, என்னைய நக்கலடிக்கறாங்களா?" என்று அவர் சண்டைக்கே போய்விட்டார். நக்கல் இல்லை. அவர்கள் அதையும் வேலையில் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறார்கள். வாயால் சொன்னால் இது வேலை, இது அவர் பழக்கம் என்று பிரித்துச் சொல்லலாம். படத்தில் எல்லாமே ஒன்றுதான்.

பேண்டை இழுத்தால் நஷ்டமில்லை. மெஷினைத் தொடுவது அப்படி இல்லை. அந்த மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பல் வைத்த இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. இதைக் கும்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அத்தானிடம் சொல்லி நிறுத்தச் சொல். நான் அந்த இடத்தை நீக்கிவிட்டு வேறு படம் தருகிறேன். இந்த மாதம் வேலை நெருக்கடி, அடுத்த மாதம் பார்க்கிறேன்.

பூமணிக்கு "சாப்பிட்டேன்" என்று பதில் சொல்லவாவது கற்றுக்கொடு.

மாரி

~

மேல் டிவிஷன்,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை, ஆளுக்கொரு தும்மல். அத்தானுக்கு இருமல் அதிகம்.

உன் கடிதம் வந்தது. அத்தானிடம் சொல்லத்தான் வேண்டும், நேரம் பார்த்துச் சொல்கிறேன். நீ கோபப்படாதே. அந்த மெஷின் முன்னால் நின்றே அவருக்குத் தலை நரைத்தது. இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. நம் பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். இப்போதுதான் அவர் செய்வதை நாலு பேர் பார்த்துச் செய்கிறார்கள். வேலை முடிந்து வருகிற முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கொழுந்து குவிகிறது. லாரி லாரியாக வருகிறது. இலை அடைத்துக்கொண்டு மெஷின் நின்று நின்று போகிறது என்று டீமேக்கர் மூடியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டாராம். அடைத்தால் உடனே குச்சியால் தள்ளிவிட வசதியாக இருக்குமாம். அத்தான் முணுமுணுக்கிறார். சீசன் முடிந்ததும் மாட்டிவிடுவார்கள்.

படம் எப்போது தருவாய்? வேலை முடிந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆனந்தி அக்கா

~

மேல் டிவிஷன்,
29 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நீ சுகமா?

மழை விடவில்லை. நர்மதா தேனியில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று அழுகிறாள்.

பூமணிக்குக் கையில் அடிபட்டுவிட்டது. கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

முன்பு ஒரு படம் மாற்றித் தருவதாக எழுதினாயே, தொட்டுக் கும்பிடுகிற இடம் இல்லாமல். அதை உடனே அனுப்பச் சொல்லி டீமேக்கர் கேட்டார். புதிதாக வருகிற ஆட்களுக்குக் காட்டத்தான். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லையாம். சீக்கிரம் அனுப்பிவிடு.

அத்தான் தூங்குகிறார். விளக்கை அணைக்க வேண்டும், இத்துடன் முடிக்கிறேன்.

ஆனந்தி

~

கொழிஞ்சாம்பாறை,
3 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்த கையோடு உட்கார்ந்து வெட்டி டீமேக்கருக்கு அனுப்பிவிட்டேன். கை குதிப்பது தெரியாமல் இருக்க மெஷினின் இன்னொரு பக்கத்தை நடுவில் ஒட்டினேன். இப்போது அத்தான் வருகிறார், சுவிட்சைப் போடுகிறார், அவ்வளவுதான். அங்கே ஏதோ இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல வேலை.

இதை ஜூலையிலேயே செய்திருக்க வேண்டும். நான் தாமதித்தேன், நீயும் அத்தானிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

கடிதம் எழுதினால் முழுதாக எழுது. "கையில் அடி" என்றால் என்ன அடி? எந்தக் கை? மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா? மூடி மாட்டியிருந்ததா? அத்தான் பக்கத்தில் இருந்தாரா? நர்மதா ஹாஸ்டல் சோற்றுக்கு அழுவதையா நான் கேட்டேன்?

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அத்தானும் எடுக்கவில்லை.

பதில் போடு.

மாரி

~

மேல் டிவிஷன்,
8 டிசம்பர் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

செல்லத்துரை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ கெட்டியாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். என் இருமலைப் பற்றிக் கேட்காதே, அது என்னோடுதான் போகும். உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கேள்விக்கு அவள் பதில் எழுதியிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

வலது கை. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அன்றைக்கு மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஷிப்ட் இறங்கி அடுத்த ஷிப்ட் ஏறுகிற நேரம். மூடி இல்லை. மூடி இல்லாத நாளிலிருந்து நான் பக்கத்துச் சட்டத்தைத் தொட்டுக்கொள்வேன். மற்றவர்களும் என்னைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். பூமணி காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு அது தெரியாது. வந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணை மூடிக்கொண்டு படத்தில் நான் தொடுகிற இடத்தில் கையை வைத்தாள். நான் கத்தினேன். தமிழில் கத்தினேன்.

அப்புறம் லேபர் ஆபீசில் தெளிவெடுப்பு, அதாவது சாட்சி விசாரணை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் சொன்னது இதுதான்: நாங்கள் வேலையை ஒழுங்காகப் படம் எடுத்துச் சொல்லிக்கொடுத்தோம், அதில் மெஷினைத் தொடச் சொல்லவில்லை, அந்தப் பெண் பேச்சைக் கேட்காமல் தானாகப் போய்த் தொட்டாள், ஆகவே நஷ்டஈடு தர வேண்டியதில்லை. சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டார்கள்.

நீ வெட்டி அனுப்பிய படம்.

மாப்ள, நான் நேராகச் சுவிட்சுக்குப் போகிறேன். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது, நாம் தொடவே இல்லையோ என்று. பூமணி துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் படத்தைக் காட்டி, என்னைக் காட்டி, அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. நல்ல கையால் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினாள். திரும்பத் திரும்பக் காட்டினாள்.

ஆபீசர் மலையாளத்தில் என்னைக் கேட்டார், "நிங்கள் காணிச்ச படம் இதுதன்னேயோ?"

போகிறதற்கு முன்னாலேயே மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தொடுகிற படத்தை ஆபீஸில் கொடுத்தால் சொல்லிக்கொடுத்தவன் நீதான், உன் பேரில்தான் கேஸ் வரும், வீடும் போகும், கிராஜுவிட்டியும் போகும் என்று. நர்மதாவுக்கு அப்போதுதான் பீஸ் கட்டியிருந்தோம்.

"ஆமா சார், இதே படந்தான்" என்றேன்.

மூடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்கு வந்துவிட்டாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. உன் அக்கா சோறு எடுத்துக்கொண்டு போனால் வாசலில் வாங்கி வைக்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
செல்லத்துரை

~

கொழிஞ்சாம்பாறை,
13 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் உடம்புக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

புது ஆட்களுக்குக் காட்டத்தான் என்று அக்கா எழுதினாள். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. எதற்கு இந்த அவசரம் என்று கேட்டிருக்க வேண்டும். வெட்டியது தெரியக் கூடாது என்று வேறு மெனக்கெட்டேன். இப்போது ராத்திரியும் பகலும் அந்த ஒட்டுத்தான் கண்ணில் நிற்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய படம் என்னிடம் இருக்கிறது. என்றைக்கு எடுத்தது, என்றைக்கு டீமேக்கருக்குப் போனது, எல்லாம் கம்ப்யூட்டரில் தேதியோடு இருக்கிறது. வெட்டியதும் எப்போது வெட்டியது என்று இருக்கிறது, அடிபட்டதற்குப் பிறகு. இரண்டையும் லேபர் ஆபீசுக்கு அனுப்பினால் கம்பெனி சொன்னது பொய் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் வெட்டினேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கம்பெனியில் கேட்டால் கேட்கட்டும்.

ஆனால் அதில் உங்கள் கை இருக்கிறது. நீங்கள் சொன்ன சாட்சி இருக்கிறது. அதனால் உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள்.

மாரீஸ்வரன்

~

மேல் டிவிஷன்,
5 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி மாரிக்கு,

கிறிஸ்மஸ் லீவில் வருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. சுகமாக இரு.

அத்தானுக்கு நீ எழுதிய கடிதத்தை நான் பிரித்தேன். அவரிடம் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

கொடுத்தால் என்ன பதில் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அவர் இப்போது சாப்பிட உட்கார்ந்தால் சோற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாக்டரிக்குள் போகிறவர் மெஷினைத் தொடுவதில்லையாம். டீமேக்கரே பார்த்துவிட்டு, "என்ன செல்லத்துரை, சாமியோட கோவமா?" என்று கிண்டல் பண்ணினாராம்.

மாரி, அனுப்பாதே.

பூமணிக்காக நான் அழவில்லை என்று நினைக்காதே. அவள் தலையை வாரிவிட்டவள் நான். ஒரு கையால் பின்னல் போட முடியாமல் அவள் முடியை அப்படியே விட்டிருப்பதைத் தினமும் பார்க்கிறவளும் நான்தான். ஆனால் நீ எதை அனுப்பினாலும் அவள் விரல் வரப்போவதில்லை. இங்கே ஒரு வீடு போகும், ஒரு பிள்ளையின் படிப்பு போகும், அறுபதை நெருங்குகிற மனுஷன் பொய்ச் சாட்சி என்று நிற்பார். அவர் தாங்க மாட்டார். அம்மா அப்பா போன பிறகு உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தவர் அவர். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

நீ எதிலும் அவசரக்காரன். இதில் மட்டும் பொறுத்துக்கொள். உன் அக்கா கேட்கிறேன்.

ஆனந்தி

~

கொழிஞ்சாம்பாறை,
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அனுப்பிவிட்டேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போனேன். நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் படம் போட்டுக் காட்டினேன். திரையில் வருவதை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்கள். அதில் எது பொய் என்று அவர்களுக்குத் தெரியாது. என்னைத்தான் நம்புகிறார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாலக்காட்டுக்குப் போய் ரெஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

அத்தானைக் கம்பெனி மிரட்டித்தான் அப்படிச் சாட்சி சொல்ல வைத்தது என்றும் எழுதியிருக்கிறேன். அது அவருக்கு உதவுமா என்று தெரியாது.

நர்மதாவின் பீஸை நான் கட்டுகிறேன். நீங்கள் மூன்று பேரும் இங்கே வாருங்கள். மூசா பாயிடம் கேட்டேன். "ஊடு ஒண்ணு காலியாத்தானுங்க கெடக்குது, வரச் சொல்லுங்க தம்பி. வாடகையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

திட்டி எழுதினாலும் சரி. எழுது.

மாரி

~

போடி,
11 மே 2025

மாரிக்கு,

நீ போட்ட கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. மூன்றையும் படித்தேன். பதில் எழுத மனசு வரவில்லை. இப்போதும் உனக்காக எழுதவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் தபால் போன பிறகு மறுபடியும் கூப்பிட்டார்கள். நோட்டீஸ் வந்த அன்றைக்கு அத்தான், "மாப்ள அனுப்பிட்டானா?" என்று கேட்டார். நீ அவருக்கு எழுதிய பழைய கடிதத்தை அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அங்கே போய், "முன்னால சொன்னது பொய் சார். நான் தொட்டேன், அதப் பாத்துத்தான் அந்தப் புள்ள தொட்டுச்சு. மூடியும் இல்ல" என்று சொல்லிவிட்டார். கேட்காத மூடியையும் சேர்த்துச் சொன்னார். அந்த வாரமே கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கிராஜுவிட்டிக்குக் கேஸ் போட வேண்டுமாம். போடியில் சித்தி வீட்டு மாடியில் இருக்கிறோம். உன் ஊருக்கு வர எனக்கு இஷ்டமில்லை. நர்மதா படிப்பை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நீ அனுப்பிய பணத்தை அவள்தான் திருப்பி அனுப்பினாள், நான் சொல்லவில்லை.

பூமணிக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் உத்தரவு வந்தபோது அவள் இங்கே இல்லை. காண்ட்ராக்டர் அவளைப் பிப்ரவரியிலேயே ரயில் ஏற்றிவிட்டான். அவள் பேங்க் கணக்கும் கையெழுத்தும் இல்லாமல் பணம் நகராதாம். ஊருக்குத் தபால் போட்டார்கள், திரும்பி வந்துவிட்டது.

அத்தான் உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜார்க்கண்டில் கும்லா பக்கம் ஏதோ மலைக் கிராமம். "ஒங்களுக்கு அங்க ஒரு வார்த்த தெரியாதே, எப்பிடிங்க கேட்டுப் போவீக?" என்றேன். அவர் போய்ச் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார். பாலக்காட்டில்தான் வண்டி ஏறினார். உன்னைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லச் சொன்னார்.

நேற்று அங்கிருந்து போன் வந்தது. பூமணியின் தம்பியாம். அவன் பேசியது எனக்கு விளங்கவில்லை. நம்பரை எஸ்டேட்டில் இருக்கிற அவள் ஊர்க் கூட்டுக்காரி ஒருத்திக்குக் கொடுத்தேன். அவள் பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "மாமா வந்தாச்சு. வீட்டு முன்னால இருக்கு. பூல்மணி உள்ள இருக்கு. கதவு தொறக்கல. மாமா போகல."

காகிதத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று தம்பிக்காரன் கையை நீட்டினானாம். இவர் கொடுக்கவில்லையாம். அவளிடம்தான் கொடுப்பாராம். ஏன் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. கேட்கக் கேட்க இவர் தமிழில் ஏதோ சொல்லிப் பார்த்திருக்கிறார். இப்போது அதையும் நிறுத்திவிட்டாராம். அந்தப் பெண்ணின் அம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறார்.

நான் அந்த நம்பருக்கு அடித்தேன். அவரிடம் கொடுத்தார்கள். "என்னங்க, வந்துருங்க" என்றேன்.

"இங்க நல்ல வெயிலு, ஆனந்தி" என்றார்.

இன்று காலையிலும் அடித்துப் பார்த்தேன். தம்பிக்காரன்தான் எடுத்தான். ஏதோ சொன்னான். அதில் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் விளங்கியது, "மாமா". பின்னால் யாரும் பேசுகிற சத்தம் கேட்கவில்லை. கதவு திறக்கிற சத்தமும் கேட்கவில்லை.

ஆனந்தி